ரசீதுக்கு ஒரு மானியம், வாக்குறுதிக்கு ஒரு மானியம்

சிலாங்கூரின் டெங்கில் கடலோர ஊர் இல்லை. ஆனாலும் லங்காட் ஆறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. நுவாங் மலைப்பக்கம் தெளிந்த நீராகப் புறப்படும் ஆறு காஜாங்கையும் டெங்கிலையும் பந்திங்கையும் கடந்து கேரித் தீவை ஒட்டி மலாக்கா நீரிணையில் கலக்கும்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை வட்டாரத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. டெங்கில் கடைத்தெருக் கால்வாயில் விழும் நெகிழிப் பை மழை பெய்தால் ஆற்றுக்கு வரும். ஆறு அதை மோரிப் கரையிலோ கேரித் தீவின் கண்டல் வேர்களிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே கடற்கரைத் துப்புரவு நம்முடைய விவகாரமும்தான்.

பக்கத்து ஆறான கிள்ளானுக்குப் பெரிய பணம் வந்தது. நெதர்லாந்தின் ‘ஓஷன் கிளீனப்’ அமைப்பு சூரிய சக்தியில் இயங்கும் குப்பை அள்ளும் கலத்தை 2019இல் அங்கே நிறுத்தியது. பின்னர் ‘கோல்ட்பிளே’ இசைக்குழுவே ஒரு கலத்துக்குச் செலவை ஏற்றது. படம் பிடிக்க அழகான காட்சி, பயனும் உண்டு. ஆனால் எல்லா ஆற்றுக்கும் பாட்டுக்குழு கிடைக்காது. கரையோரத்து மீனவர் சங்கமும் பூர்வகுடிக் கிராமமும் தாமான் குடியிருப்பாளர் சங்கமும் நம்ப வேண்டியது சிறு மானியங்களை. சில ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து ஓரிரு இலட்சம் ரிங்கிட் வரை போகும் பணம் அது.

அந்தச் சிறு பணத்தை உலகம் இரண்டு விதமாகக் கொடுக்கிறது. ஒன்று, நீ செய்யும் வேலைக்குக் கொடுப்பது. மற்றது, நீ தரும் வாக்குறுதிக்குக் கொடுப்பது. முதல் வகைக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டத்தையும், இரண்டாவதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து இயங்கும் ‘சீக்காலஜி’ அமைப்பையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. முன்னது 1992இல், ரியோ டி ஜெனீரோவில் புவி உச்சிமாநாடு நடந்த ஆண்டில் தொடங்கியது. பின்னது அதற்கு ஓராண்டு மூத்தது. நோக்கமும் ஒன்றுதான். பணம் கைமாறும்போது என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சிறு மானியத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டம் நடத்துகிறது. பணம் அரசாங்கத்தின் வழியாகப் போகாமல் நேரே அரசு சாரா அமைப்புக்கோ ஊர்க்குழுவுக்கோ போகிறது. நீண்ட காலமாக ஒரு திட்டத்துக்கு உச்ச வரம்பு 50,000 அமெரிக்க டாலராக இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு தீர்மானிக்கிறது. அதில் பெரும்பான்மையினர் அரசுக்கு வெளியே உள்ளவர்கள், சம்பளம் வாங்காதவர்கள். மலேசியாவில் இத்திட்டம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த அம்சங்கள் இரண்டு. விண்ணப்பத்தை உள்ளூர் மொழியிலேயே தரலாம். எழுதத் தெரியாத சமூகம் படமாகவோ காணொளியாகவோ தரவும் வழி உண்டு. விண்ணப்பிப்பவரும் தம் பங்கைப் போட வேண்டும், ஆனால் அது ரொக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. ஊரார் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் உழைப்பு, இரவல் படகு, கோயில் மண்டபம் எல்லாவற்றையும் மதிப்பிட்டுக் கணக்கில் காட்டலாம். ஏழையின் உழைப்புக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடைக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

கசப்பு அதற்கப்பால் வருகிறது. நோக்கம், நடவடிக்கை, அளவுகோல், செலவு என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். பணம் தவணையாக வரும். முதல் தவணைக்கு ரசீது காட்டி அறிக்கை கொடுத்தால்தான் அடுத்தது. பொதுப்பணத்துக்கு இப்படித்தான் கணக்குக் கேட்க வேண்டும், குறை சொல்ல முடியாது. ஆனால் ரசீது எதற்குக் கிடைக்குமோ அதையே செய்யும் பழக்கம் மெல்ல வந்துவிடுகிறது. கையுறைக்கு ரசீது உண்டு, பேருந்து வாடகைக்கு உண்டு, நாற்றுக்கு உண்டு. நட்ட கன்றை ஆறு மாதம் கழித்து ஒருவர் போய்ப் பார்த்து, வேரில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டிவிட்டு வருவதற்கு யார் ரசீது தருவார்?

நிறுவனங்கள் நடத்தும் ஒருநாள் துப்புரவை இந்த வகையின் தூரத்து உறவு என்று சொல்லலாம். டி-சட்டை, பதாகை, மதிய உணவு, குழுப்படம், பிறகு ‘ஒரு டன் குப்பை அகற்றப்பட்டது’ என்ற செய்தி. நனைந்த மெத்தை ஒன்று கிடைத்துவிட்டால் எடைக்கணக்கு தானாக ஏறிவிடும் என்பது துப்புரவுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு நாள் 1986இல் டெக்சாஸில் தொடங்கியபோது அதை ஆரம்பித்த லிண்டா மரானிஸும் கேத்தி ஓ’ஹாராவும் எடையோடு நிற்கவில்லை. தொண்டர்களின் கையில் அட்டையைக் கொடுத்து, என்ன பொருள், எத்தனை என்று எண்ணச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை வழக்கம் இருந்ததால்தான், பல்லாண்டுகள் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை 2019ஆம் ஆண்டுத் துப்புரவில் உணவுப்பொட்டல உறைகள் முந்தின என்று சொல்ல முடிந்தது. எடை செய்தித்தாளுக்கு ஆகும். எண்ணிக்கையைத்தான் சட்டம் இயற்றுபவரின் மேசையில் வைக்க முடியும்.

இனி இரண்டாவது வகை. சீக்காலஜியின் கதை சமோவாவில் தொடங்குகிறது. சவாயி தீவின் ஃபலேயாலுபோ ஊர் 1980களின் கடைசியில் பள்ளிக்கூடம் கட்டியே தீர வேண்டிய நெருக்கடியில் இருந்தது. கையில் காசில்லை. மழைக்காட்டை மரவெட்டு நிறுவனத்துக்கு விற்பது ஒன்றுதான் வழி. அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த தாவரவியலாளர் பால் ஆலன் காக்ஸ் பள்ளிக்கான பணத்தைத் திரட்டித் தந்தார். பதிலுக்கு ஊர்த் தலைவர்கள் 30,000 ஏக்கர் காட்டைக் காப்பதாக ஒப்பந்தம் செய்தார்கள். ஊர்த் தலைவர்களில் ஒருவரான ஃபுயியோனோ செனியோவுக்கும் காக்ஸுக்கும் 1997இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு சேர்த்தே வழங்கப்பட்டது. ‘உனக்கு வேண்டியதைக் கேள், நீ காக்கப் போவதைச் சொல்’ என்ற அந்தப் பேரம்தான் அமைப்பின் முறையாயிற்று. தீவுகளில் மட்டுமே இயங்குகிறது. பள்ளி, மருந்தகம், படகுத்துறை என்று ஊர் கேட்பதைத் தந்து, ஒரு காட்டையோ பவளப்பாறையையோ குறிப்பிட்ட காலத்துக்குத் தொடாமல் காக்கும் உறுதியைப் பெறுகிறது.

தமிழர்களுக்கும் இந்த அமைப்பு முற்றிலும் அந்நியம் இல்லை. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, மன்னார் வளைகுடாவில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைத் திரட்டியதற்காக 2015இல் சீக்காலஜி பரிசும் அதனுடன் 10,000 டாலரும் பெற்றார். அந்தப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள். எந்த மானியமும் விதித்த நிபந்தனை அல்ல அது.

அதே ஆண்டு சீக்காலஜி தன் வழக்கமான அளவைத் தாண்டி ஒரு காரியம் செய்தது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ என்னும் சிறு மீனவர் அமைப்புடனும் இலங்கை அரசுடனும் சேர்ந்து, நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் காக்கும் ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவித்தது. காக்க வேண்டிய பரப்பு 8,815 ஹெக்டேர். செலவு 34 இலட்சம் டாலர். பெரிய தொகைதான், ஆனால் போய்ச் சேர்ந்தது துளித்துளியாக. 15,000 பெண்கள், 1,500 ஊர்க்குழுக்கள், ஒவ்வொரு குழுவின் பொறுப்பிலும் ஒரு சிறு பகுதி. தொழிற்பயிற்சியும் சிறு தொழிலுக்கான நுண்கடனும் கிடைக்கும். பதிலுக்குக் கண்டலை வெட்டக்கூடாது, வெட்டவும் விடக்கூடாது. மொத்தச் செலவையும் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 230 டாலர்கூட வரவில்லை. 2016 ஜூலையில் சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகமும் திறந்தார்கள். இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம், சிலாபம் களப்புகளின் கண்டல் அழிக்கப்பட்ட வட்டாரத்தில் அப்படி ஒன்று எழுந்ததற்குப் பொருள் உண்டு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, காலம். சிறு மானியத் திட்டத்தின் வேலை பொதுவாக ஓரிரண்டு ஆண்டில் முடிந்து, இறுதி அறிக்கையோடு கோப்பு மூடப்படும். கண்டல் கன்றுக்கு அந்தக் கால அட்டவணை தெரியாது. இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்த கண்டல் நடவுகளைக் கொடிகாரவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 23 இடங்களில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு, மானியம் கொடுப்பவர் எல்லாரும் படிக்க வேண்டிய ஒன்று. நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேர்; தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அலை எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாராமல் தவறான மட்டத்தில் நட்டது, தவறான இனத்தை நட்டது, நட்டபின் கவனிக்க ஆளில்லாதது, மாடு மிதித்தது ஆகியவை காரணங்கள். நடவுக்குப் பணம் இருந்தது, பராமரிப்புக்கு இல்லை. சுதீச திட்டம் பற்றிய ஆய்வு அல்ல அது. அதற்கு முந்தைய நடவுகளைப் பற்றியது. ஆனால் ஏற்கெனவே நிற்கும் காட்டைக் காப்பதற்குத் திட்டம் ஏன் முதலிடம் தந்தது என்பதை அந்த எண்களே விளக்குகின்றன. நிற்கும் மரத்தைக் காப்பது மலிவு, நட்டு வளர்ப்பது கடினம்.

சிலாங்கூர்க் கரைக்கும் இது பொருந்தும். சாபாக் பெர்ணம் பக்கம் சுங்கை ஹாஜி டோரானியில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டல் நடுவதற்கு முன் அலைத்தடுப்பு கட்டி, சேறு படியவைத்து, அதன் பிறகுதான் கன்று நட்டார்கள். அரித்துக்கொண்டிருக்கும் கரையில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கன்று நடவைப்பது நல்ல நிழற்படம் தரும். அடுத்த பெரிய அலை வரை.

இரண்டாவது, கணக்கு. ரசீது முறையில் நடந்ததை எண்ணுகிறோம்: எத்தனை பேர், எத்தனை பை, எத்தனை கன்று. வாக்குறுதி முறையில் நடக்காமல் போனதை எண்ண வேண்டும்: எத்தனை ஏக்கர் வெட்டப்படாமல் இருக்கிறது. பின்னது உண்மைக்கு நெருக்கமானது, ஆனால் சோதிப்பது சிரமம். காடு வெட்டப்படாமல் இருந்தது மானியத்தாலா, அல்லது வெட்ட யாரும் வரவில்லை என்பதாலா என்று நிரூபிக்க வழியில்லை. ரசீது பொய் சொன்னால் கண்டுபிடிக்கலாம். வாக்குறுதி பொய் சொன்னால் மரம் விழுந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவது, பெறுபவரின் நாளாந்த வாழ்க்கை. இங்கே இலங்கைத் திட்டம் தெளிவாக முன்னால் நிற்கிறது. கண்டல் விறகை நம்பியிருந்த பெண்ணுக்கு வேறு வருமானம் காட்டாமல் ‘வெட்டாதே’ என்பது அதிகாரமே தவிர பாதுகாப்பு அல்ல. ஆனால் கடனாகக் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்களின் வட்டி பெண்களை எப்படி நெரித்தது என்பது ஊரறிந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சுதீசவின் கடன் அந்த வகைக் கொள்ளை வட்டிக் கடன் அல்ல. என்றாலும் கடன் என்பது நல்ல காலத்தில்தான் உதவி. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, கண்டல் காத்த பெண்ணின் தவணையும் அதே விலைவாசியில்தான் கட்டப்பட வேண்டியிருந்தது. கரையைக் காவல் காப்பது வேலை என்றால் அதற்குரியது கூலி. இந்த இடத்தில் உழைப்புக்கு மதிப்புப் போடும் சிறு மானியத் திட்டத்தின் கணக்கு நேர்மையானது. அந்த மதிப்பு காசாகக் கைக்கு வருவதில்லை என்பதுதான் அதன் குறை.

நான்காவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது: நிலம் யாருடையது? ஃபலேயாலுபோவில் காடு ஊருக்குச் சொந்தம். தலைவர்கள் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். இலங்கையில் கண்டல் அரசுடையது. ஆனால் அரசே ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக உட்கார்ந்தது. லங்காட் ஆறு கடலைச் சேரும் கோலலங்காட்டில் நிலைமை என்ன?

கோலலங்காட் வடக்கு வனக்காப்பகம் 1927இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கரிச்சதுப்புக் காடு. அதைச் சுற்றித் தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். எஞ்சியிருந்த காட்டில் 930.93 ஹெக்டேரைக் காப்பகத் தகுதியிலிருந்து நீக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. 45,000க்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் போயின. இருந்தும் 536 ஹெக்டேருக்கு மேல் நீக்கப்பட்டுவிட்ட செய்தி 2021 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு வலுத்ததும் செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. அந்த மக்களிடம் எந்த வெளிநாட்டு அமைப்பாவது வந்து ‘இந்தக் காட்டைக் காப்பதாக வாக்குக் கொடு, பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன்’ என்று கேட்டிருந்தால் அவர்கள் எதை நம்பிக் கையெழுத்திட்டிருப்பார்கள்? நிலம் தன் பெயரில் இல்லாதவன் நிலத்தைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது. புத்ராஜெயா நகரைக் கட்டுவதற்காகத் தோட்டங்களை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தக் காட்டை மீட்டது பேரமோ வாக்குறுதியோ அல்ல. வரைபடம், ஆட்சேபக் கடிதம், அமைப்புகளின் கூட்டணி, விடாத குரல் இவைதான். அதே கோலலங்காட்டின் ஜெஞ்சாரோமிலும் அதுவே நடந்தது. 2018இல் சீனா நெகிழிக் கழிவுக்குக் கதவை மூடியதும் கப்பல்கள் இங்கே திரும்பின. உரிமமற்ற ஆலைகள் இரவில் நெகிழியை எரித்தன. குடியிருப்பாளர்கள் ஆலைகளின் இருப்பிடத்தைக் குறித்து, படமெடுத்து, புகார் மேல் புகார் கொடுத்தார்கள். பிறகுதான் சோதனைகளும் மூடல்களும். 2020 ஜனவரிக்குள் மலேசியா 150 கொள்கலன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியது. மோரிப் கரையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கியிருந்தாலும் அந்த 150 கொள்கலனின் கணக்குக்கு ஈடாகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. லங்காட் வடிநிலத்துக்கு இன்றைய நிலையில் ரசீது முறை மானியமே பொருத்தம், ஆனால் அதைச் செலவிடும் தலைப்பை மாற்ற வேண்டும். கையுறைக்கும் பதாகைக்கும் போகும் பங்கைக் குறைத்து, ஆற்றோரம் ஆண்டு முழுதும் பொருள்வாரியாக எண்ணிக் குறித்து வைக்கவும், வடிகால் எங்கே திறக்கிறது என்று வரைபடம் போடவும், அந்த வேலையைச் செய்யும் உள்ளூர் இளையோருக்குக் கூலி கொடுக்கவும் அது பயன்பட வேண்டும். இதற்கெல்லாம் ரசீது எழுத முடியும். விண்ணப்பம் எழுதும்போதே மூன்றாம் ஆண்டுக்கான பராமரிப்பைச் செலவுப் பட்டியலில் சேர்த்துக் கேட்கவும் முடியும், கேட்காதவர்களே அதிகம்.

வாக்குறுதி முறைக்கு இங்கே இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். கேரித் தீவின் மா மெரி மக்கள் ஆண்டுதோறும் கடற்கரையிலேயே ‘பூஜா பந்தாய்’ சடங்கு நடத்துபவர்கள். மரச்சிற்பமும் முகமூடியும் அவர்களுடைய பிழைப்பு. கண்டலும் சேறும் அவர்களுடைய சமையலறை. அப்படிப்பட்ட சமூகத்தோடு வாக்குறுதி பேசலாம், மாநில அரசு அந்தக் கரையின் மீதான அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு. அதற்கு முன் பேசினால், தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக அவர்களைப் பொறுப்பாளியாக்குவதாக முடியும்.

டெங்கில், பந்திங், கிள்ளான் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகைப் பணத்தைக் கேட்கப் பெரிய அலுவலகம் தேவையில்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் உயிரோடு இருக்கும் பதிவு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு ஆகியவை இருந்தால் வாசல்வரை போய்விடலாம். நம்மிடையே ஆண்டறிக்கை அனுப்பாமல் பதிவு ரத்தான சங்கங்களுக்குக் குறைவில்லை. தலைவர் தேர்தலில் காட்டும் வேகத்தில் பாதியைச் செயலாளரின் கோப்பில் காட்டினால் போதும். அடுத்த பொதுக்கூட்டத்தில் தீபாவளி விருந்துக்குக் குழு அமைக்கும்போது, ஆற்றோரக் கணக்கெடுப்புக்கும் இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். விண்ணப்பம் மலாயில் எழுதலாம். கணக்கைத் தமிழில் எழுதி வைத்தாலும் பின்னர் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். எழுதத் தொடங்குங்கள்.